கேம்பர் டிரெய்லரில் கேஸ் லைன்: இரும்புக் குழாயா, காப்பரா, ரப்பர் ஹோஸா? எந்த இடத்தில் எதைப் போடணும்?

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் ஒரு சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர் எல்லாம் இருக்கும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் விடுமுறை வந்தால் லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த கேம்பர் டிரெய்லரோடுதான் கிளம்புகின்றன. அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் பரவி வருகிறது.

புது டிரெய்லர் விலை அதிகம். அதனால் பலர் இருபது, முப்பது வருஷம் ஓடிய பழைய வண்டியை வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, தாங்களே புதுப்பிக்கிறார்கள். மர வேலை, பெயிண்ட், வயரிங் வரை பிரச்சினை இல்லை. கேஸ் லைன் என்று வந்ததும்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

"ஒரு நல்ல ரப்பர் ஹோஸை சிலிண்டரில் இருந்து அடுப்பு வரைக்கும் இழுத்துட்டா போதாதா?" இந்த வேலையில் இறங்கும் பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். போதாது. ஏன் போதாது, எந்த இடத்தில் எந்தப் பொருள் சரி, எதைத் தொடவே கூடாது என்பதைப் பார்க்கலாம்.

வீட்டு கேஸ் லைனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் சிலிண்டரும் அடுப்பும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டர் நீளத்துக்குள் ஒரு டியூப். அது அசையாது, மழையில் நனையாது, கல் பட்டு அடிபடாது.

டிரெய்லரில் சமையலறையே நெடுஞ்சாலையில் ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் மொத்த வண்டியும் குலுங்குகிறது. சிலிண்டர் வண்டியின் முன்பக்கம், கொக்கிக்கு மேலே திறந்த வெளியில் இருக்கும். அங்கிருந்து குழாய் தரைக்கு அடியில் ஓடி, வண்டியின் கடைசி வரை போய், ஒவ்வொரு கருவிக்கும் கிளை பிரியும். வழியில் சக்கரம் தெறிக்கும் கல், மழைத்தண்ணீர், குளிர்நாடுகளில் சாலையில் போடும் உப்பு எல்லாமே அதன் மேல்தான் படும்.

இரவில் அந்தக் குழாய்க்கு மேலேதான் குடும்பம் தூங்குகிறது.

புரொப்பேன் கசிந்தால் என்ன ஆகும்?

இந்த வண்டிகளில் பயன்படுவது பெரும்பாலும் புரொப்பேன். நம் ஊர் வீட்டு எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் உறைபனிக் குளிரில் சரியாக ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில் அதற்கு மவுசு.

சிக்கலும் அதே குணத்தில்தான் இருக்கிறது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரொப்பேன் வெளியே வந்தால் ஏறத்தாழ 270 மடங்கு இடத்தை அடைக்கும் வாயுவாக விரியும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையில் தேங்கும். கட்டிலுக்கு அடியில், அலமாரியின் கீழ்த்தட்டில், தரை விரிப்பின் ஓரத்தில் படிந்து நிற்கும்.

காற்றில் புரொப்பேன் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். ஒரு டிரெய்லரின் உள்ளிடம் சராசரி வீட்டின் ஒரு அறை அளவுதான். அந்த 2 சதவீதத்தை எட்ட அதிக நேரம் ஆகாது.

முதலில் தெரிய வேண்டியது அழுத்தம்

எந்த இடத்தில் எந்தக் குழாய் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்தில் இருக்கும் அழுத்தம். டிரெய்லரில் இது மூன்று கட்டமாக இருக்கும்.

முதல் கட்டம், சிலிண்டரில் இருந்து ரெகுலேட்டர் வரை. இங்கே சிலிண்டரின் முழு அழுத்தமும் இருக்கும். 21 டிகிரி வெயிலில் சுமார் 110 பி.எஸ்.ஐ., 38 டிகிரி வெயிலில் 170 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். ஒரு கார் டயரில் நிரப்பும் காற்று 30 முதல் 35 பி.எஸ்.ஐ. என்பதோடு ஒப்பிட்டால் இதன் வேகம் புரியும்.

இரண்டாவது கட்டம், ரெகுலேட்டரின் உள்ளே. டிரெய்லர்களில் இரண்டு நிலை ரெகுலேட்டர்தான் போடுவார்கள். முதல் நிலை அழுத்தத்தை சுமார் 10 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கும். இரண்டாம் நிலை அதையும் இன்னும் குறைக்கும்.

மூன்றாவது கட்டம், ரெகுலேட்டரில் இருந்து அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் வரை. அமெரிக்க டிரெய்லர்களில் இது 11 அங்குல நீர் அழுத்தம். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் 28 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதி, குமிழி வர வைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அவ்வளவுதான். நம் வீட்டு ரெகுலேட்டர் அடுப்புக்குத் தருவதும் ஏறத்தாழ இதே அளவுதான்.

ஆக, சிலிண்டர் பக்கம் இருக்கும் அழுத்தம் அடுப்புப் பக்கத்தைவிட 250 மடங்குக்கும் மேல். அடுப்புப் பக்கத்துக்குச் சரியான டியூப் சிலிண்டர் பக்கத்துக்குச் சரியாகாது. "கேஸ் டியூப் எல்லாம் ஒண்ணுதானே" என்று மாற்றிப் போடுவது இங்கே பெரிய தப்பு.

கறுப்பு இரும்புக் குழாய்: அடித்தளத்துக்கு ஏற்றது

தொழிற்சாலையில் இருந்து வரும் பல அமெரிக்க டிரெய்லர்களைக் குனிந்து பார்த்தால், சட்டத்தை ஒட்டி முன்னிருந்து பின் வரை ஒரு கறுப்பு இரும்புக் குழாய் ஓடும். இதுதான் பிரதான லைன்.

இதன் பலம் தடிமன்தான். அரை அங்குல அளவுள்ள வழக்கமான இரும்புக் குழாயின் சுவர் சுமார் 2.8 மில்லிமீட்டர் கனம். சக்கரம் தெறிக்கும் கல் பட்டால் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். எலி கடிக்காது. தீப்பிடித்தாலும் சட்டென்று உருகாது.

குறை என்ன? கனம் அதிகம், வளையாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு எல்போ வேண்டும். ஒவ்வொரு எல்போவும் இரண்டு மரை இணைப்பு. அதாவது கசிய வாய்ப்புள்ள இரண்டு இடம். உப்புச் சாலையில் ஓடும் வண்டியில் துருவும் பிடிக்கும். அதனால் வெளியே இருக்கும் குழாய்க்குத் துரு தடுக்கும் பெயிண்ட் அடித்து, வருஷத்துக்கு ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும்.

மரை இணைப்பில் சுற்றும் டேப்பிலும் கவனம் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப் இதற்கு ஆகாது. கேஸுக்கு என்று வரும் தடித்த மஞ்சள் டேப் அல்லது புரொப்பேன் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பசைதான் பயன்படுத்த வேண்டும். முனையில் முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றணும். இல்லாவிட்டால் டேப் துணுக்கு பிய்ந்து உள்ளே போய் அடுப்பின் சின்னத் துளையை அடைத்துவிடும்.

காப்பர்: கிளைகளுக்கு ஏற்றது, ஆனால் வேலை சுத்தமாக இருக்கணும்

பிரதான இரும்பு லைனில் இருந்து ஒவ்வொரு கருவிக்கும் போகும் கிளைக்கு அதிகம் பயன்படுவது வளையும் தன்மையுள்ள காப்பர் குழாய். சுருளாக வரும். கையாலேயே வளைக்கலாம் என்பதால் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகக் கொண்டுபோக முடியும். சின்ன வண்டிகளில் முழு லைனையும் காப்பரிலேயே முடிப்பவர்களும் உண்டு.

கடையில் எல்லா காப்பரும் ஒரே மாதிரிதான் தெரியும். அமெரிக்காவில் கேஸுக்கு வாங்க வேண்டியது 'கே' அல்லது 'எல்' வகை. 'எம்' வகையின் சுவர் இவற்றைவிட மெல்லியது, தண்ணீருக்கானது. 'எல்' வகையிலேயே மூன்றுக்கு எட்டு அங்குலக் குழாயின் சுவர் சுமார் 0.8 மில்லிமீட்டர்தான். இரும்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் வண்டிக்கு அடியில் கல் படும் இடத்தில் காப்பரை வெறுமனே விடக் கூடாது. மேலே பாதுகாப்பு உறை வேண்டும்.

காப்பரை இணைக்கும் முறைதான் ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் ஏற்கப்படுவது 'ஃபிளேர்' இணைப்பு. குழாயின் முனையை ஒரு கருவியால் 45 டிகிரி சாய்வில் புனல் மாதிரி விரித்து, பித்தளை நட்டால் இறுக்குவது இது. உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைத்துக்கொள்ளும்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்புகள்:

• ஃபிளேர் முகத்தில் டேப் சுற்றுவது, பசை பூசுவது. இங்கே அடைப்பது உலோகம்தான். நடுவில் டேப் இருந்தால் சரியாக அழுந்தாது.
• நட்டைப் போட மறந்துவிட்டு முனையை விரிப்பது. பிறகு வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யணும்.
• ரம்பத்தால் அறுப்பது. முனை கோணலாகும், உள்ளே பிசிறு நிற்கும். டியூப் கட்டரால் வெட்டி, பிசிறை எடுத்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.
• "இன்னும் கொஞ்சம் இறுக்கிடுவோம்" என்று முரட்டுத்தனமாக இறுக்குவது. விரித்த இடம் மெலிந்து, பிறகு குலுக்கலில் விரிசல் விடும்.

காப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. திரும்பத் திரும்ப அசைந்தால் அந்த இடம் கெட்டியாகி, ஒரு நாள் முறிந்துவிடும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிகிற மாதிரிதான். அதனால் கருவிக்குப் பக்கத்தில் குழாயை விறைப்பாக இழுக்காமல் ஒரு சின்ன வளையம் விட்டு இணைப்பார்கள். குலுக்கலை அந்த வளையம் வாங்கிக்கொள்ளும்.

ரப்பர் ஹோஸ்: அசையும் இடத்துக்கு மட்டும்

ஹோஸே கூடாதா? கூடும். ஆனால் அசையும் இடத்தில் மட்டும்.

சிலிண்டரை மாற்றும்போது கழற்றி மாட்ட வேண்டிய இடம் ஒன்று. ரெகுலேட்டரில் இருந்து வண்டியின் அடிக்குழாய்க்குப் போகும் இடம் இன்னொன்று. வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறை இருந்தால், அந்த அறைக்குள் போகும் லைன் மூன்றாவது. இந்த மூன்றிலும் இறுக்கமான உலோகக் குழாய் போட்டால் ஒடிந்துவிடும். இங்கே ஹோஸ்தான் சரி.

வாங்கும்போது ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் எல்.பி. கேஸ் ஹோஸுக்கான தரம் யூ.எல். 21. அந்தத் தர ஹோஸில் 350 பி.எஸ்.ஐ. வேலை அழுத்தம் என்று எழுதியிருக்கும். ஏர் கம்ப்ரசர் ஹோஸ், கார் பெட்ரோல் ஹோஸ் எல்லாம் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் கேஸுக்கு ஆகாது.

ரப்பரை நீளமாக இழுக்கக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. வெயிலில் வெடிக்கும், உரசினால் தேயும், எலி கடிக்கும், தீயில் முதலில் போவதும் அதுதான். இன்னொரு காரணம் வெளியே தெரியாது. சில ரப்பர் ஹோஸ்களில் இருக்கும் மென்மையாக்கும் ரசாயனத்தை புரொப்பேன் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். அது ரெகுலேட்டருக்குள் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்து அதைக் கெடுத்துவிடும். இதனால்தான் சிலிண்டர் பக்கத்துக்கு ரப்பருக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

முக்கியமான விதி: ஹோஸை சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ புதைத்துவிடக் கூடாது. கண்ணில் படும் இடத்தில் இருந்தால்தான் வெடிப்பைப் பார்த்து மாற்ற முடியும்.

இதையெல்லாம் போடவே போடாதீங்க

• பி.வி.சி., பெக்ஸ் மாதிரி தண்ணீர்ப் பிளாஸ்டிக் குழாய்கள். இவை கேஸுக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல, சூட்டில் உருகும்.
• மஞ்சள் நிற பாலிஎத்திலீன் கேஸ் குழாய். இது கேஸுக்கானதுதான், ஆனால் மண்ணுக்கு அடியில் புதைப்பதற்கு மட்டும்.
• வீடுகளுக்கு வரும் சுருள் ஸ்டெயின்லெஸ் குழாய். சுவர் மெல்லியது. அசையாத கட்டடத்துக்காக வந்தது. ஓடும் வண்டிக்கும் ஆகும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம்.
• தோட்டத்துத் தண்ணீர் ஹோஸ், அதைப் பிடிக்கும் திருகு கிளிப். இதற்கு விளக்கமே தேவையில்லை.

எவ்வளவு பெரிய குழாய்?

பொருள் சரியாக இருந்தும் அளவு தப்பினால் வேலை கெடும். குழாய் சிறிதாகவும் நீளமாகவும் இருந்தால் கடைசிக் கருவிக்குப் போவதற்குள் அழுத்தம் விழுந்துவிடும். தனித்தனியாகப் போட்டால் எல்லாமே எரியும். குளிர் இரவில் ஹீட்டர் ஓடும்போது அடுப்பையும் பற்ற வைத்தால்தான் சுடர் சுருங்கும். ஹீட்டர் பற்றிக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப அணையும்.

கணக்கு போடுவது எளிது. ஒவ்வொரு கருவியின் தகட்டிலும் அதற்கு மணிக்கு எத்தனை பி.டி.யூ. வெப்பம் வேண்டும் என்று எழுதியிருக்கும். உதாரணத்துக்கு ஒரு நடுத்தர டிரெய்லர்:

• அறை ஹீட்டர்: 30,000
• வெந்நீர் ஹீட்டர்: 12,000
• ஓவனோடு கூடிய அடுப்பு: 25,000
• கேஸ் ஃபிரிட்ஜ்: 1,500

மொத்தம் 68,500 பி.டி.யூ. பிரதான லைன் இவ்வளவையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும்.

மூன்றுக்கு எட்டு அங்குல வெளிவிட்டமுள்ள காப்பர், 10 அடி நீளத்தில் 45,000 பி.டி.யூ. அளவுக்குக் கொண்டுபோகும். அதே குழாய் 30 அடி நீண்டால் 25,000-ஐச் சுற்றித்தான் கொண்டுபோகும். ஆக, அந்தக் குழாய் ஃபிரிட்ஜுக்கோ வெந்நீர் ஹீட்டருக்கோ கிளையாகப் போதும்; மொத்த வண்டிக்கும் பிரதான லைனாகப் போதாது. அடியில் பெரிய இரும்புக் குழாய், மேலே சின்னக் காப்பர் கிளை என்ற அமைப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

எந்த வழியாகக் கொண்டுபோகணும்?

லைன் வண்டிக்கு அடியில், வெளிக்காற்றில் ஓடுவதே நல்லது. அங்கே கசிந்தால் காற்றில் கலைந்துபோகும். சுவருக்குள் ஓடி அங்கே கசிந்தால் நேராகப் படுக்கைக்கு அடியில்தான் வரும். ஒவ்வொரு கருவிக்கும் நேர் கீழே தரையில் ஒரு துளை போட்டு, அங்கிருந்து குழாயை மேலே ஏற்றுவதுதான் வழக்கம்.

துளையில் குழாய் தகரத்தோடு உரசினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் காப்பர் அறுந்துவிடும். அதனால் ரப்பர் வளையம் போட்டு, இடைவெளியை அடைக்க வேண்டும். இதனால் வெளியில் தேங்கும் கேஸும் உள்ளே வராது.

குழாய் தொங்கக் கூடாது. சுமார் 4 அடிக்கு ஒரு கிளாம்ப் என்பது அமெரிக்காவில் பழகிய கணக்கு. சைலன்சர் சூடு, சக்கரம், மின்சார வயர் ஆகியவற்றில் இருந்து லைன் விலகி இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு அடைப்பு வால்வு வைத்தால், ஒரு கருவி பழுதானாலும் மற்றவற்றைப் பயன்படுத்தலாம்.

வேலை முடிஞ்சதும் எப்படிச் சோதிப்பது?

தீக்குச்சி காட்டிப் பார்ப்பது சோதனை இல்லை. அது விபத்து.

முதல் சோதனை சோப்பு நுரை. ஒவ்வொரு இணைப்பிலும் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்கணும். இதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அமோனியா கலந்த சுத்தம் செய்யும் திரவம் பித்தளையில் விரிசலை உண்டாக்கும். கேஸ் கசிவு பார்ப்பதற்கு என்றே விற்கும் திரவம்தான் பாதுகாப்பு.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. லைனில் அழுத்தம் ஏற்றி, வழியை அடைத்துவிட்டு, மானோமீட்டரில் முள் அசையாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்ப்பது. நுரைக்கு எட்டாத இடத்தில் கசிந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். அதிக அழுத்தத்தில் சோதிப்பதாக இருந்தால் கருவிகளைக் கழற்றி, லைன் முனைகளை மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அடுப்பு, ஹீட்டர் வால்வுகள் அரை பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது.

சோதனையில் கசிவு இல்லை என்றால் ரெகுலேட்டர் 11 அங்குலம் தருகிறதா என்பதையும் அதே மானோமீட்டரில் பார்த்துவிடலாம். அந்த மீட்டர் கையில் இல்லாதவர்கள் லைனை இழுத்து முடித்தாலும், சோதனைக்கு உரிமம் உள்ள கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுவதே சரி.

மூக்கை மட்டும் நம்பலாமா?

புரொப்பேனுக்கு இயல்பாக வாசனை கிடையாது. அழுகிய முட்டை மாதிரி வரும் நாற்றம் வேண்டுமென்றே கலப்பது. 1937-ம் ஆண்டு மார்ச் 18-ம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் ஊரில் ஒரு பள்ளியில் வாசனையே இல்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் குழந்தைகள். அதன் பிறகுதான் கேஸில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன.

ஆனால் தூங்கும்போது மூக்கு எழுப்பாது. சளி பிடித்தாலும் தெரியாது. அதனால் கேஸ் கசிவு அலாரம் வேண்டும். புரொப்பேன் தரையில் தேங்கும் என்பதால் அதைத் தரைக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். புகை அலாரம் மாதிரி கூரையில் மாட்டினால் பயனில்லை. அதற்கு ஆயுட்காலமும் உண்டு. பின்பக்கம் எழுதியிருக்கும் தேதி முடிந்திருந்தால் விளக்கு எரிந்தாலும் அதை நம்பக் கூடாது.

அடைத்த வண்டிக்குள் அடுப்பையே ஹீட்டராகப் பயன்படுத்துவது இன்னொரு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்குத் தனி அலாரம் வேண்டும்.

பழைய டிரெய்லர் வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

• அடியில் குனிந்து, பிரதான லைன் முழுவதும் துரு, நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்கவும்.
• ஹோஸை வளைத்துப் பார்க்கவும். சின்ன வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் மாற்ற வேண்டும்.
• ரெகுலேட்டரின் காற்றுத் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதில் மண்ணோ பூச்சிக் கூடோ அடைத்திருந்தால் அழுத்தம் தாறுமாறாகும்.
• நடுவில் யாரோ ஹோஸ் வெட்டி கிளிப் போட்டு ஒட்டுப்போட்டிருந்தால், அந்த லைன் முழுவதையும் சந்தேகப்பட வேண்டும்.
• கழற்றிய கருவியின் குழாய் முனை சும்மா மடக்கி விடப்பட்டிருக்கிறதா? மடக்கினால் அடையாது. சரியான மூடி போட்டே ஆகணும்.
• ஓட்டும்போது சிலிண்டர் வால்வை மூடிவிட வேண்டும். வழியில் விபத்து நடந்து லைன் அறுந்தாலும் கேஸ் வெளியேறாது.

நாட்டுக்கு நாடு விதி வேற

யூடியூப் பார்த்து வேலை செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அமெரிக்காவில் டிரெய்லர்களுக்கான தரநிலை என்.எஃப்.பி.ஏ. 1192. அங்கே காப்பருக்கு ஃபிளேர் இணைப்பு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இ.என். 1949 என்ற தரநிலை. அங்கே வண்டிகளில் 8 மில்லிமீட்டர் காப்பரும், வளையத்தை அழுத்தி இறுக்கும் கம்ப்ரஷன் இணைப்பும் சாதாரணமாகப் பார்க்கலாம். அதே கம்ப்ரஷன் இணைப்பை அமெரிக்காவில் கேஸ் லைனுக்கு ஏற்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 5601-ன் இரண்டாம் பகுதி டிரெய்லர்களுக்கானது. ஆஸ்திரேலியாவில் கேஸ் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். செய்ததற்குச் சான்றும் தருவார். தானே செய்தால் சட்டச் சிக்கல் மட்டுமல்ல, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

பொருள் வாங்கும் முன் வண்டி ஓடும் நாட்டின் விதியைப் பார்க்க வேண்டும். வீடியோ போட்டவரின் நாட்டு விதி உதவாது.

நம்ம ஊருக்கு இதில் என்ன பாடம்?

2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்தது. லக்னோவில் இருந்து வந்திருந்த பயணிகளில் 9 பேர் உயிரிழந்தனர். சட்டவிரோதமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது.

அது டிரெய்லர் இல்லை, அதில் கேஸ் லைனும் இல்லை. ஆனால் நகரும் பெட்டிக்குள், மூடிய சின்ன இடத்தில், கேஸுக்காக அமைக்கப்படாத இடத்தில் சிலிண்டர் வந்தால் என்ன ஆகும் என்பதை மதுரை பார்த்துவிட்டது.

இன்று தமிழ்நாட்டுச் சாலைகளில் உணவு வண்டிகள் பெருகிவிட்டன. வேனைப் படுக்கையறையாக மாற்றிப் பயணம் போகிறவர்களும் இருக்கிறார்கள். பல வண்டிகளில் வீட்டு ஆரஞ்சு நிற டியூப்தான் தரையோடு ஓடுகிறது. அந்த டியூப் ஐ.எஸ். 9573 தரத்தில் வருவது. அசையாத சமையலறையில் ஒன்றரை மீட்டருக்குள் பயன்படுத்தி, 5 வருஷத்தில் மாற்றிவிட வேண்டியது. ஓடும் வண்டியின் தகர ஓரத்தில் உரசிக்கொண்டு கிடப்பதற்காகச் செய்ததல்ல.

உணவு வண்டிக்காரர் என்றால் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதே விதிமீறல். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதை வெளிக்காற்றுப் படும்படி, நிமிர்ந்த நிலையில், அசையாமல் கட்டி வைக்க வேண்டும். உள்ளே போகும் லைன் உலோகக் குழாயாகவும், ஹோஸ் இரு முனையில் மட்டும் சின்னத் துண்டாகவும் இருப்பது நல்லது. தரையை ஒட்டிக் காற்று வெளியேற ஒரு வழியும் வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்

வண்டிக்கு அடியில் அடிபடும் இடத்தில் இரும்பு. உள்ளே கருவிக்கு ஏறும் கிளையில் ஃபிளேர் இணைப்போடு காப்பர். அசையும் இடத்தில் மட்டும் தர முத்திரையுள்ள ஹோஸ். முடித்த பிறகு மானோமீட்டர் சோதனை. தரைக்கு அருகே ஒரு அலாரம்.

இரும்புக்கும் காப்பருக்கும் ஆகும் கூடுதல் செலவு, வண்டியைப் புதுப்பிக்கும் மொத்தச் செலவில் ஒரு சின்னப் பங்குதான். பெயிண்ட் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் அடித்துக்கொள்ளலாம். கேஸ் லைனை மட்டும் முதல் பயணத்துக்கு முன்பே சரியாக முடித்துவிட வேண்டும்.